கர்னலும் குடைக்காரியின் பதின்மூன்று பாகங்களும்

எடுத்த வேலையைப் பாதியில் விட்டுவிடுவது என்கிற நல்ல பழக்கம் கர்னலுக்கு இன்றுவரை வரவில்லை. வந்திருந்தால் திண்டிவனத்தில் எங்கள் தெருவில் குடியிருந்த அத்தனை பேரும் இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்போம்.

கர்னல் என்றதும் முறுக்கு மீசையையும் பூட்ஸ் காலையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பட்டாளத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒல்லி உடம்பு, காதில் செருகிய பேனா, நாலு தெருவுக்குக் கேட்கும் குரல். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு, நேரமானதும் மைக்கில் கூவி அனுப்பிவைக்கும் உத்தியோகம். ஒருமுறை வந்தவாசி வண்டி ஒன்று இரண்டு நிமிஷம் முன்னதாகவே கிளம்பிவிட்டது. மனிதர் சைக்கிளை எடுத்துக்கொண்டு துரத்தி, ரயில்வே கேட்டில் நின்றிருந்த வண்டியைப் பிடித்து, கேட் திறந்த பிறகும் அந்த இரண்டு நிமிஷத்தை அங்கேயே கழித்துவிட்டுத்தான் விட்டார். பின்னால் நின்ற லாரிக்காரர்கள் அடித்த ஹாரனில் ரயிலே திரும்பி வந்துவிட்டதோ என்று கேட் கீப்பர் எட்டிப் பார்த்தாராம்.

செல்போனில் பாம்பு விளையாட்டைத் தவிர வேறொன்றும் இல்லாத காலம். எனக்குச் சொந்த ஊர் விழுப்புரம். மரக்காணம் சாலையில் ஒரு பாலிடெக்னிக்கில் ஆங்கிலம் நடத்தும் வேலை கிடைத்து, தினமும் முதல் வகுப்புக்குப் பிந்திப்போய், பிரின்சிபாலிடம் திட்டு வாங்கி அலுத்துப்போய், திண்டிவனத்திலேயே ஒரு மாடி அறை பிடித்தேன். கீழே வீட்டுக்காரர்கள். புருஷன் டைம் கீப்பர், மனைவி செண்பகம் அக்கா. பிள்ளைகள் இல்லை.

குடிபோன அன்று சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"வுடாதடி! வெட்டு! அவன் கால வெட்டுடி!"

கையில் அகப்பட்ட துடைப்பத்தோடு ஓடினேன். இரண்டு பேரும் பாயில் அருகருகே உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில், பெரிய கண்களும் ஊதா நிறக் கூந்தலுமாக ஒரு பெண், மடக்கிய குடையை வாள் மாதிரி வீசி ஒரு பூதத்தை அடித்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க சார்" என்றார் டைம் கீப்பர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வெளம்பரம் வந்ததும் பேசிக்கலாம்."

விளம்பரம் வந்ததும், "கார்ட்டூனா அண்ணே?" என்று கேட்டுவிட்டேன்.

"கார்ட்டூன் இல்ல சார், அனிமே. கார்ட்டூன்ல அடிபட்டா எழுந்து ஓடிடுவான். இதுல அடிபட்டா அடிபட்டதுதான்."

அனிமே என்றால் ஜப்பான்காரர்கள் வரைந்து எடுக்கும் தொடர் என்பதும், அது தமிழில் பேசி ஒரு குழந்தைகள் சேனலில் தினமும் வருகிறது என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண்ணின் பெயர் ரிக்கா. மழையைத் திருடிக்கொண்டு போகும் மழையரசனிடம் அவளுடைய அக்கா சிக்கிக்கொண்டிருக்கிறாள். அவளை மீட்க ரிக்கா ஒரு குடையோடு ஊர் ஊராக நடக்கிறாள். செண்பகம் அக்கா அவளை ரிக்கா என்று சொல்லவே மாட்டார். குடைக்காரி. "குடைக்காரி வர்ற நேரம்" என்றால் அந்த வீட்டில் அடுப்பு அணைந்துவிடும். பத்து நாளில் நானும் அந்தப் பாயில் ஓர் ஓரத்தில் நிரந்தரமாகிவிட்டேன்.

முப்பத்தொன்பதாவது பாகத்தில் ரிக்கா மழையரசனின் கோட்டைக்குள் நுழைந்து கதவை உடைத்துத் திறக்கிறாள். உள்ளே அக்கா. அக்கா மெல்லத் திரும்பிப் பார்த்து, "யார் நீ?" என்கிறாள். அதோடு 'தொடரும்' போட்டுவிட்டார்கள்.

மறுநாள் ஆறரைக்கு மூன்று பேரும் பாயில் தயார். சேனலில் முதல் பாகத்தை மறுபடி ஆரம்பித்திருந்தார்கள். அதற்கு மறுநாள் இரண்டாம் பாகம்.

"இன்னாங்க இது?" என்றார் அக்கா. "அக்காக்காரிக்கு அடையாளம் தெரிஞ்சிதா இல்லையா? ஒண்ணும் சொல்லாம பாதில வுட்டுட்டு ஓடிட்டானுங்களே!"

அந்தப் 'பாதியில்' என்ற சொல் டைம் கீப்பரின் நெஞ்சில் ஆணியடித்த மாதிரி இறங்கியதை நான் பார்த்தேன். அன்றே சேனலுக்குக் கடிதம் எழுதினார். 'மதிப்பிற்குரிய ஐயா, முப்பத்தொன்பதாம் பாகம் வரை வந்த வண்டி அதற்கு மேல் புறப்படவில்லை. காரணம் தெரிவிக்கவும்.' பதில் இல்லை. வாரம் ஒன்றாக எட்டுக் கடிதம் போனது. பிறகு கேபிள்காரரைப் பிடித்தார். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "டைம் கீப்பரே, நான் வயர் இழுக்கறவன். ஜப்பான்காரன நான் எங்க போயி கேக்கறது?" என்றார்.

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். எங்கள் பாலிடெக்னிக் ஹாஸ்டலில் மாணவர்கள் இந்தத் தொடரை முழுசாக சி.டி.யில் வைத்திருக்கிறார்கள், மொத்தம் ஐம்பத்திரண்டு பாகமாம், கம்ப்யூட்டரில் பார்க்கலாம் என்று சொல்லித் தொலைத்தேன்.

முதலில் சி.டி.யை வாங்கிக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனார். நெஞ்சு உயரக் கதவு போட்ட குட்டிக் குட்டி அறைகள். கடைக்காரர் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒரு கேபின்ல ஒரு ஆளுதாங்க. ஜோடியா வுடறதில்ல" என்றிருக்கிறார்.

"யோவ், இது என் சம்சாரம்யா."

"எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க."

செண்பகம் அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு வந்து, "இனிமே அந்த எடத்துப் பக்கம் நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். டைம் கீப்பர் நேராக மாடிக்கு ஏறி வந்தார்.

"சார், கம்ப்யூட்டர்னா உள்ள இன்னா இன்னா இருக்கும்? ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க."

"அண்ணே, அதெல்லாம் ரெடியாவே விக்கிறாங்க."

"அது அவங்க செஞ்சது. கெட்டுப்போனா அவங்களத் தேடிக்கினு ஓடணும். நம்ம செஞ்சா நம்மளே பாத்துக்கலாம்."

அடுத்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் விழுப்புரத்துக் காயலான் கடைகளில் கழிந்தன. சொந்த ஊர்க்காரன் என்ற பாவத்துக்கு நான்தான் வழிகாட்டி. எங்கேயோ மூடிய ஆபீசிலிருந்து வந்த மதர்போர்டு ஒன்று. தட்டினால் ஓடும், தட்டாவிட்டால் உறுமும் ஹார்ட் டிஸ்க் ஒன்று. எல்லாவற்றையும் பச்சையாகக் காட்டும் மானிட்டர் ஒன்று. எல்லாவற்றையும் வைத்துப் பூட்ட ஒரு பெட்டி வேண்டுமே? பழைய கறுப்பு வெள்ளை டி.வி. வரும் பாருங்கள், இரண்டு பக்கமும் மர ஷட்டர் இழுத்து மூடுகிற மாதிரி, அதன் கூடு ஒன்று எடைக்கு எடை கிடந்தது. படக்குழாயைப் பிடுங்கிவிட்டு அதற்குள் மதர்போர்டைத் திருகி முடுக்கினார். உள்ளே இருக்க வேண்டிய குட்டி விசிறி உடைந்திருந்ததால், வீட்டு மேஜை விசிறியை ஷட்டருக்கு நேராக வைத்தார். கம்ப்யூட்டர் ஓடினால் வீட்டில் வேறு யாருக்கும் காற்று கிடையாது.

அந்தப் பழைய சாமானில் விண்டோஸ் ஏற மறுத்தது. என் மாணவன் ஒருவன், கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்ததென்று, விண்டோஸுக்குப் பதிலாகப் போட ஒரு லினக்ஸ் சி.டி.யைக் கொடுத்தனுப்பினான். "இது யாரு வேணும்னாலும் பிரிச்சிப் பாத்துச் சரி பண்ணிக்கலாமாம் அண்ணே" என்று நான் சொன்னதுதான் தாமதம், டைம் கீப்பருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இது நம்ம ஜாதி சார்!"

அதற்குப் பிறகு அவர் வேலைக்குப் போகுமுன் காலையில் ஒரு மணி நேரம், வந்தபின் சாயங்காலம் இரண்டு மணி நேரம். பஸ் ஸ்டாண்டில் எழுதுகிற மாதிரியே நோட்டுப் போட்டு எழுதி வைத்தார். '6.42 புறப்பாடு. 6.44 பழுது. 6.50 மறுபடி புறப்பாடு. 6.52 பழுது.' ஒவ்வொரு தடவையும் கறுப்புத் திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடி, கடைசியில் கர்னல் பேனிக் என்று ஆங்கிலத்தில் ஒரு வரியோடு நின்றுவிடும். கர்னல் என்பது லினக்ஸின் இருதயம், அது பயந்துபோய்ப் படுத்துவிட்டது என்று அர்த்தம்.

ஒருநாள் காலை டீக்கடையில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீ மாஸ்டர் விசாரித்தார்.

"இன்னா டைம் கீப்பரே, மொகம் வாடிக் கெடக்குது?"

"இன்னா பண்றது மாஸ்டர், கர்னல் மறுபடியும் பேனிக் ஆயிட்டாரு."

"த்சோ, த்சோ! மிலிட்டரிக்காரரா? உங்களுக்குச் சொந்தமா?"

"எனக்குன்னு இல்ல, எல்லாருக்கும் சொந்தம். காலைல நல்லாதான் எழுந்தாரு. ரெண்டு நிமிஷத்துல படுத்துட்டாரு."

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போவக் கூடாதா?"

"நான்தான் பிரிச்சிப் போட்டுப் பாத்துக்கினு இருக்கேன்."

டீ மாஸ்டர் கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டார். விஷயம் விளங்கிச் சிரித்து முடித்த பிறகு, அந்தத் தெருவில் டைம் கீப்பர் என்ற பெயர் காணாமல் போனது. கர்னல்தான்.

பேனிக்குக்குக் காரணம் பதினோரு நாளில் அகப்பட்டது. மெமரி சில்லின் பித்தளைப் பல்லில் களிம்பு. பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்துத் துடைத்துச் செருகியதும் திரை முழுக்க நீலம் வந்தது. மானிட்டர் காரணமாக அது பச்சையாகத் தெரிந்தது, ஆனாலும் அது நீலம்தான் என்று கர்னல் எங்களிடம் சத்தியம் செய்தார்.

அப்புறம் சத்தம் வரவில்லை. ஸ்பீக்கரை மாற்றினார், வயரை மாற்றினார், சவுண்டு கார்டைக் கழற்றி வெயிலில் காய வைத்தார். மூன்று வாரம். கடைசியில் ஒருநாள் மாடிப்படியில் கத்திக்கொண்டே ஏறி வந்தார்.

"சார்! எல்லாம் சரியாத்தான் இருந்துச்சி சார்! மொதல்லயே வாய அடைச்சி வெச்சிருக்கானுங்க. ம்யூட்டு! நம்மளா போயி ஒவ்வொண்ணா தொறந்து வுடணுமாம். இத ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

வாயைத் திறந்துவிட்டோம். அன்று சாயங்காலம் ஷட்டரைத் திறந்து, விசிறியைப் போட்டு, நாற்பதாவது பாகத்தைத் தொடங்கினோம். ரிக்கா வாயைத் திறந்தாள். ஜப்பான் மொழியில் பேசினாள். அடியில் ஆங்கில எழுத்துகள் ஓடின.

செண்பகம் அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தினி நாளா தமிழ் பேசிக்கினு இருந்தா. இப்ப இன்னா வந்துச்சி அவளுக்கு?"

அந்தக் கடைசிப் பதின்மூன்று பாகங்களைத் தமிழில் யாருமே பேசவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கர்னல் கம்ப்யூட்டரை நிறுத்தினார். காதில் இருந்த பேனாவை எடுத்தார்.

"சார், நீங்க இங்கிலீஷ் வாத்தியார்தானே? சொல்லச் சொல்ல எழுதிக்கறேன். அடியில தமிழ்ல போட்டுடலாம்."

நான் அப்போது மேடைத் தமிழில் மயங்கிக் கிடந்த ஆள். 'அடே அரசனே, உன் அகந்தையே உன் அழிவுக்கு வித்து' என்று ஆரம்பித்தேன். கர்னல் எழுதிக்கொண்டார். இரண்டு நிமிஷம் யோசித்துவிட்டு, அதை அடித்து, 'ரொம்ப ஆடாதே' என்று போட்டார். அதுதான் பொருத்தமாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

தமிழ் எழுத்து திரையில் சும்மா வந்துவிடுமா? முதலில் கட்டம் கட்டமாக வந்தது. எழுத்துருவை எங்கிருந்தோ தேடிப் போட்டார். கட்டம் போய் எழுத்து வந்தது, ஆனால் கொம்பு இடம் மாறியது. 'மேகம்' என்று அடித்தால் கொம்பு 'ம'வுக்குப் பின்னால் போய் நின்றது.

"கொம்பு முன்னால இருந்தாத்தான் சார் மாடு. பின்னால இருந்தா அதுக்குப் பேரு இன்னா?" என்று கர்னல் என்னிடம் சண்டைக்கு வந்தார், நான்தான் அதைத் திருப்பி மாட்டியவன் போல.

புதுச்சேரியில் லினக்ஸ் இளைஞர்கள் சிலர் ஞாயிறு தோறும் கூடுகிறார்கள் என்று தெரியவந்தது. ஷட்டர் பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோர இருக்கையில் வைத்து, கர்னல் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தார். நான் மடியில் மேஜை விசிறியோடு பின் சீட்டில். அந்த இளைஞர்கள் ஷட்டரைத் திறந்து பார்த்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்து பார்த்தார்கள். பிறகு ஒருவர், "அண்ணா, இது எப்படி ஓடுது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஓடித்தானே ஆவணும்? வேற வழி?" என்றார் கர்னல்.

எழுத்துகளைக் கோத்துக் காட்டுகிற ஏதோ ஒரு சின்ன நிரல் குறைந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அவர்கள் அதை ஏற்றித் தந்தார்கள். கொம்பு முன்னால் வந்தது. கர்னல் அன்று பஸ் முழுக்க இருந்தவர்களிடம், "கொம்பு வந்துட்ச்சி, கொம்பு வந்துட்ச்சி" என்று சொல்லிக்கொண்டே வந்ததில், இரண்டு பேர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார்கள்.

ஆக, குடைக்காரி பாதியில் நின்று ஏழு மாதத்துக்குப் பிறகு, நாற்பதாவது பாகம் தமிழ் எழுத்தோடு ஓடியது. பளிச்சென்று எழுத்து. கர்னல் திரையைப் பார்க்கவில்லை, மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்டிக்கீது செம்பா?"

"நல்லாக்கீது." ஆனால் முகத்தில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எழுத்து பொடிசாக்கீதுங்க" என்றார்.

கர்னலுக்கு இது போதும். பழுது என்று ஒன்று இருந்தால்தானே அவருக்குத் தூக்கம் வரும்? மூன்று நாள் உட்கார்ந்து எழுத்தைப் பெரிசாக்கினார். ரிக்காவின் கழுத்து வரை எழுத்து.

"ரொம்ப ஜல்தியா ஓடுதுங்க" என்றார் அக்கா.

ஒவ்வொரு வரியும் நிற்கும் நேரத்தைக் கணக்குப் போட்டு நீட்டினார். ஒரு பாகத்தில் முந்நூறுக்கு மேல் வரிகள். ஒரு வாரம் ஆனது.

"எழுத்து வானத்துல தெரிய மாட்டேங்குது."

மஞ்சளாக்கினார். அதுவும் பச்சையாகத்தான் தெரிந்தது. மானிட்டரைக் கழற்றி, பின்பக்கம் எதையோ பற்றவைத்து, அந்தப் பச்சையையே ஒழித்துக்கட்டினார். என்னிடம் நோட்டைக் காட்டினார். 'எழுத்து அளவு, சரி. வேகம், சரி. நிறம், சரி. இன்னும் பழுது இருக்கிறது. எங்கே என்று தெரியவில்லை.'

அடுத்த தடவை போட்டபோது அக்கா ஒன்றுமே சொல்லவில்லை. கர்னல் விடுவாரா? படத்தை நிறுத்தினார்.

"சொல்லு செம்பா. இன்னும் இன்னா கொற? எதுவா இருந்தாலும் சொல்லு, சரி பண்ணிடலாம். எழுத்த செவப்பாக்கணுமா? மேல ஏத்தணுமா? சொன்னாத்தானே தெரியும்?"

"ஒரு கொறையும் இல்லீங்க."

"இல்ல, எதோ கீது. நீ சிரிக்கவே மாட்டேங்கற. சொல்லு."

"எழுத்து நல்லாத்தாங்க கீது!" என்று அக்கா திடீரென்று வெடித்தார். "எனக்குத்தான் படிக்கத் தெரியாது!"



பிறகு அக்கா தரையைப் பார்த்தபடி சொன்னார். மரக்காணத்துக்கு அந்தண்டை கடலோரக் கிராமம். அம்மா மீன் கூடையோடு சந்தைக்குப் போனால் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும் என்று இரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டில் எழுதுகிற வேலை செய்கிறவர் என்பதால், எட்டாவது படித்திருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். பெயரை மட்டும் கோலம் மாதிரி வரையக் கற்றுக்கொண்டார். மருந்துச் சீட்டு வந்தால் தலைவலி என்பார். கல்யாணப் பத்திரிகை வந்தால் கையில் மாவு என்பார். பத்தொன்பது வருஷம்.

கர்னல் எழுந்தார். ஷட்டரை இழுத்து மூடினார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அக்கா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "போய்ட்டாரு பாரு தம்பி" என்றார் என்னிடம். அந்த வீட்டில் நான் கேட்டதிலேயே சின்னக் குரல் அதுதான். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. எழுந்து போகவும் மனம் வரவில்லை. அரை மணி நேரம், முக்கால் மணி நேரம். தெருவில் சைக்கிள் சத்தம் கேட்கும் போதெல்லாம் அக்கா நிமிர்ந்து பார்ப்பார். வேறு யாராவது போவார்கள்.

ஒருவழியாகக் கர்னல் வந்தார். கையில் சவுண்டு சர்வீஸ் கடையில் வாங்கி வந்த மைக் ஒன்று, சுருட்டிய வயரோடு. யாரையும் பார்க்காமல் பெட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தார்.

"சவுண்டு கார்டுல மைக் சொருவற ஓட்ட ஒண்ணு இத்தினி நாளா சும்மாவே கெடந்துச்சி சார்" என்றார். "அதுதான் பழுது. கண்டுபிடிச்சிட்டேன்."

அவ்வளவுதான். அந்த விஷயத்தைப் பற்றி அவர் மனைவியிடம் வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஜப்பான் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தார், தொண்டையைச் செருமினார், திரையில் ஓடும் தமிழ் வரிகளை மைக்கில் படிக்கத் தொடங்கினார்.

அதற்கு இணையான ஒரு டப்பிங்கை இந்த உலகம் கேட்டிருக்காது. இருபது வருஷம் பஸ் அனுப்பிய தொண்டை அது. மழையரசன் கோட்டை மேல் நின்று, "என் படைகளே, புறப்படுங்கள்!" என்று கட்டளையிட்டது, திருவெண்ணெய்நல்லூர் வண்டி எடுக்கப்போகிறது, ஏறாதவர்கள் ஏறிக்கொள்ளுங்கள் என்ற ராகத்தில் இருந்தது. ரிக்காவுக்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு குரல், அவள் அக்காவுக்கு இழுத்து இழுத்து ஒரு குரல், குதிரைக்கும் ஒரு குரல். முதல் நாள் செண்பகம் அக்கா சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ரிக்கா தன் குடையில் கிழிந்து தைத்த இடத்தைக் காட்ட, அது தான் போட்ட தையல் என்று அக்காக்காரிக்கு நினைவு வர, இரண்டு பேரும் கட்டிக்கொண்ட இடத்தில், மூக்கைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டுக் கர்னல் சொந்தக் குரலிலேயே பேசினார். சிரித்துக்கொண்டிருந்த செண்பகம் அக்கா அங்கே அழுதுவிட்டார். ஜன்னலில் சத்தம் கேட்டுத் திரும்பினால் டீ மாஸ்டர். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மேல போடுங்க கர்னல்" என்றார்.

ஒரு பாகத்தை அக்கா நான்கைந்து தடவை கேட்பார். ஒவ்வொரு தடவையும் கர்னல் புதிதாகப் படிப்பார். ரிக்காவின் கழுத்து வரை வருகிற எழுத்து, கூடவே அவர் குரல். வாரம் ஒரு பாகம் என்று நாற்பத்தாறாம் பாகத்துக்கு வந்தோம். அதில் ஓர் இடத்தில் கர்னலுக்கு இருமல் வந்துவிட்டது. மைக்கைத் தள்ளிவைத்துக்கொண்டு இருமினார். திரையில் வரி நின்றிருந்தது. பாயிலிருந்து ஒரு குரல் வந்தது.

"க...த...வை. கதவைத். தி...ற. கதவைத் திற."

கர்னலின் இருமல் நின்றது. அக்கா எங்களைக் கவனிக்கவே இல்லை, உதடு அசைய அடுத்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கர்னல் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மறுபடி இருமத் தொடங்கினார்.

அந்த இருமல் வாரக்கணக்கில் நீடித்தது. வீட்டுக்குள் மட்டும், படம் ஓடும்போது மட்டும், அதுவும் சின்னச் சின்ன வரிகளாகப் பார்த்து வந்தது. பஸ் ஸ்டாண்டில் தொண்டை வெண்கல மணி. அக்கா பயந்துபோய்க் கஷாயம் வைத்துக் கொடுத்தார். ஒரு பழுதும் இல்லாத தொண்டைக்காக அந்த மனிதர் தினமும் இரண்டு வேளை அதை முகம் சுளிக்காமல் குடித்தார். வேண்டுமென்றே ஒரு வேலையை அவர் பாதியில் நிறுத்தி நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

ஐம்பத்திரண்டாம் பாகம் ஓடியபோது ஜன்னலில் தெருவே நின்றது. ரிக்காவுக்குக் குரல் கொடுத்தது செண்பகம் அக்கா. மழையரசனாகக் கர்னல் கர்ஜிக்க, "ரொம்ப ஆடாதே" என்று அக்கா மைக்கில் படித்தார். எழுத்துக்கூட்டி இல்லை, ஒரே மூச்சில். தெருவில் விசில் பறந்தது. மழையரசன் தோற்றான். ஊரெல்லாம் மழை பெய்தது. நாங்கள் மூன்று பேரும் அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல் பாயில் உட்கார்ந்திருந்தோம்.

பிறகு எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. காலி செய்கிற அன்று காலை, டீக்கடையில் கர்னலிடம் கேட்டேன்.

"அண்ணே, அக்கா அத்தினி வருஷம் மறைச்சதுக்கு உங்களுக்குக் கோவமே வரலையா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "கோவமா? சார், பத்தொம்போது வருஷமா ஒவ்வொரு நாளும் பயந்துகினே இருந்திருக்குது. வேற யாருகிட்டயும் இல்ல, என்கிட்ட. அத நெனச்சா எனக்குத்தான் வெக்கமாக்கீது." கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "உங்க வண்டி நாலு நிமிஷத்துல, எழுந்திருங்க" என்றார்.

இப்போது சென்னையிலிருந்து விழுப்புரத்துக்குப் போகும் நல்ல வண்டிகள் எல்லாம் திண்டிவனத்துக்குள் நுழைவதில்லை, வெளியோடு வெளியாகப் பாலத்தில் ஏறிப் பறந்துவிடுகின்றன. நான் அவற்றில் ஏறுவதில்லை. ஊருக்குள் புகுந்து, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, பத்து நிமிஷம் நின்று போகிற வண்டியாகப் பார்த்துத்தான் ஏறுகிறேன். வீட்டில் தாமதத்துக்குத் திட்டு விழுகிறது. விழட்டும்.